ஃபாக்ஸ் மஸ்டாங்கிற்கு 3.73 பின் கியர்: ஓராண்டு ஓட்டிப் பார்த்த பிறகு

1989ஆம் ஆண்டு ஃபோர்டு மஸ்டாங் எல்எக்ஸ் 5.0 ஒன்றை ஆறு ஆண்டுகளாக வைத்திருக்கிறேன். அதில் நான் மாற்றியவற்றுள் கொடுத்த பணத்துக்கு முழு மதிப்பையும் திருப்பித் தந்த பொருள் எது என்று கேட்டால், இன்ஜினுக்குள் போன எதையும் சொல்லமாட்டேன். பின் ஆக்ஸிலுக்குள் யார் கண்ணிலும் படாமல் எண்ணெயில் மூழ்கிக் கிடக்கும் ஒரு ரிங் கியரையும் ஒரு பினியனையும்தான் சொல்வேன். நம் ஊர் லாரிப் பட்டறைகளில் கிரவுன் – பினியன் என்று சொல்வார்களே, அதே இணைதான். ஃபோர்டு பெர்ஃபார்மன்ஸ் நிறுவனம் எம்-4209-88373 என்ற எண்ணில் விற்கும் 3.73 விகித இணையை (பினியன் 3.73 முறை சுழன்றால் ரிங் கியர் ஒரு முறை சுழலும் என்று பொருள்) வாங்கிப் பொருத்தி ஓராண்டு ஆகிறது. அந்த ஓராண்டில் அது ஒரு முறை தவறாகவும் ஒரு முறை சரியாகவும் பொருத்தப்பட்டதால், நல்ல பொருள் கெட்ட கையில் என்ன ஆகும் என்பதையும் சேர்த்தே எழுத முடிகிறது.

முதலில் காரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஃபாக்ஸ் என்ற அடித்தளத்தில் 1979 முதல் 1993 வரை வந்த மஸ்டாங்குகளை மசில் கார் என்று ஒப்புக்கொள்ளாத பெரியவர்கள் இங்கே டெட்ராய்ட் புறநகரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். 1964இல் போண்டியாக் ஜிடிஓவோடு தொடங்கி எழுபதுகளின் தொடக்கத்தில் அந்த வகை முடிந்துவிட்டது என்பது அவர்கள் கட்சி. எனக்கு அந்த வழக்கில் அக்கறை இல்லை. நடுத்தர உடலில் பெரிய வி8, பின்சக்கர ஓட்டம், மலிவான விலை, எவரும் கையில் ஸ்பேனர் எடுத்து மாற்றக்கூடிய எளிமை ஆகிய நான்கும் அந்த வகையின் இலக்கணம் என்றால், என் வீட்டிலிருந்து அரை மணி நேரத் தொலைவிலுள்ள டியர்பார்ன் ஆலையில் செய்யப்பட்ட இந்தக் கார் அதற்குள் வந்துவிடும். 302 கன அங்குல இன்ஜின் நிமிடத்துக்கு 4,200 சுற்றில் 225 குதிரைத்திறனும் 3,200 சுற்றில் 300 அடி-பவுண்டு முறுக்குவிசையும் தரும் என்பது ஃபோர்டு அச்சிட்ட கணக்கு. என் கார் டி-5 என்னும் ஐந்து கியர் மேனுவல் பெட்டியோடு வந்தது. இந்த வேலைக்கு முன்பே இக்னிஷன் டைமிங்கை 10 டிகிரியிலிருந்து 14 டிகிரிக்கு முன்னேற்றியிருந்தேன், புகைக்குழாயில் எச் வடிவப் பகுதியை மாற்றியிருந்தேன். முன்னது இலவசம், பயனுள்ளது. பின்னது தந்தது பெரும்பாலும் சத்தம்தான்.

ஆலையிலிருந்து என் கார் 2.73 விகிதத்தோடு வந்தது. இவ்வளவு முறுக்குவிசை உள்ள இன்ஜினுக்குப் பின்னால் இப்படிச் சோம்பலான விகிதத்தை ஏன் வைத்தார்கள் என்பதற்கு விடை எரிபொருள் சட்டத்தில் இருக்கிறது. 1973 எண்ணெய்த் தடைக்குப் பிறகு, 1975இல் அமெரிக்க நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் ஒவ்வொரு நிறுவனமும் விற்கும் கார்களின் சராசரி மைலேஜுக்கு ஓர் அளவை விதித்தது, அது 1978 மாடல்களிலிருந்து நடைமுறைக்கு வந்தது. வி8 விற்கவும் வேண்டும், சராசரியும் கெடக்கூடாது என்றால் நெடுஞ்சாலையில் இன்ஜின் மெதுவாகச் சுழல வேண்டும். ஐந்தாம் கியர் விகிதம் 0.68, பின் ஆக்ஸில் 2.73, டயர் 225/60 ஆர்15 என்று வைத்துக் கணக்குப் போட்டால், மணிக்கு 70 மைல் வேகத்தில் இன்ஜின் ஏறக்குறைய 1,700 சுற்றுதான் சுழல்கிறது. தாலாட்டுப் போல இருக்கும். ஆனால் சிக்னலில் நின்று கிளம்பும்போது அதே கணக்கு எதிராகத் திரும்புகிறது. முதல் கியரின் 3.35ஐயும் 2.73ஐயும் பெருக்கினால் இன்ஜினின் விசை சக்கரத்தில் 9.15 மடங்காகிறது. 3.73 என்றால் அது 12.5 மடங்கு. குதிரைத்திறன் ஒன்றுகூட ஏறாமல், எல்லாக் கியரிலும் சக்கரத்துக்குப் போகும் விசை 37 விழுக்காடு கூடுகிறது. அதே விழுக்காட்டை இன்ஜினிலிருந்து பெறச் சிலிண்டர் ஹெட், கேம், இன்டேக் என்று எங்கெங்கோ போக வேண்டியிருக்கும்.

இனிப் பொருளுக்கு வருகிறேன். பெட்டியைத் தூக்கும்போதே கனம் தெரிகிறது. இந்தப் பின் ஆக்ஸிலின் 8.8 என்ற பெயர் ரிங் கியரின் விட்டத்தை அங்குலத்தில் குறிப்பது, கையில் எடுத்தால் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு இருக்கும். ரிங்கில் 41 பற்கள், பினியனில் 11. இரண்டுக்கும் பொது வகுஎண் இல்லாததால் பினியனின் ஒவ்வொரு பல்லும் சுற்றிச் சுற்றி ரிங்கின் எல்லாப் பற்களையும் சந்திக்கிறது, தேய்மானம் ஓரிடத்தில் குவியாமல் பரவுகிறது. பற்களின் முகத்தைச் சாய்வாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பிசிறோ, கருவிக் கோடோ, வெப்பத்தில் நீலம் பாய்ந்த இடமோ எதுவும் கண்ணில் படவில்லை. இத்தகைய இணைகளை ஆலையிலேயே ஒன்றோடொன்று தேய்த்துப் பொருத்தம் பார்த்து அனுப்புவார்கள், ஆகவே ஒன்றின் ரிங்கை இன்னொன்றின் பினியனோடு சேர்க்கக் கூடாது. பேரிங்குகள் பெட்டியில் இல்லை. பேரிங், ஷிம் என்னும் மெல்லிய வளையத் தகடு, கிரஷ் ஸ்லீவ், பினியன் நட், ஆயில் சீல், ரிங் போல்ட் எல்லாம் அடங்கிய பொருத்துதல் தொகுப்பைத் தனியாக வாங்கினேன். முப்பது ஆண்டுக்கு மேல் ஓடிய பழைய பேரிங்கில் புதிய கியரை ஏற்றுவது புது வேட்டியைச் சேற்றில் வைத்துக் கட்டுவது போன்றது.

இந்த வேலையை நான் வீட்டில் செய்யவில்லை. பிரேக், கிளட்ச், சஸ்பென்ஷன் எல்லாம் என் காரேஜில் நானே செய்தவை. ஆனால் பினியனை வைக்கும் வேலை போல்ட் கழற்றி மாட்டும் வேலையன்று, அளக்கும் வேலை. அதனால் பக்கத்து நகரத்தில் ஒரு பட்டறையில் விட்டேன். அதன் பெயர் இங்கே தேவையில்லை. ஒரே நாளில் முடித்துக் கொடுத்தார்கள். அந்த வேகம் அப்போது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

வீட்டுக்குத் திரும்பும் வழியில், மணிக்கு 50 மைலைத் தாண்டியதும், ஆக்ஸிலரேட்டரை லேசாக மிதித்தால் பின்னிருக்கைக்கு அடியிலிருந்து ஓர் ஊளை எழுந்தது. 60ஐத் தாண்டினால் அது பாட்டுச் சத்தத்தையும் மீறிக் கேட்டது. காலை எடுத்தால் குறைந்தது. பட்டறைக்குத் தொலைபேசியில் சொன்னபோது, 3.73 என்றால் அப்படித்தான் பாடும், கொஞ்சம் ஓடினால் சரியாகிவிடும் என்றார்கள். இரண்டுமே தவறு. ஒழுங்காக வைத்த கியர் எந்த விகிதமானாலும் ஊளையிடாது, ஊளையிடும் கியர் ஓட ஓடச் சரியாவதும் இல்லை. தவறான இடத்தில் தேய்ந்து, தவறையே நிரந்தரமாக்கிக்கொள்ளும்.

இருநூறு மைல் ஓடுவதற்குள் வண்டியை இன்னொருவரிடம் கொண்டுபோனேன். தனியாக, தன் வீட்டுக்குப் பின்னாலுள்ள கொட்டகையில், ஆக்ஸில் வேலை மட்டுமே செய்கிறவர். மூடியைக் கழற்றி எண்ணெயை வடித்து, பற்களைத் துடைத்து, மஞ்சள் நிறப் பசையை ஒரு சிறு தூரிகையால் ரிங்கின் நான்கைந்து பற்களில் தடவினார். மரக்கட்டையொன்றை முட்டுக்கொடுத்து ரிங்குக்குச் சற்றுத் தடை உண்டாக்கிக்கொண்டு பினியனைக் கையால் முன்னும் பின்னும் சுழற்றினார். பசை விலகிய இடத்தில் பற்கள் உரசிய தடம் தெரிந்தது. அது பல்லின் நடு முகத்தில் முட்டை வடிவில் இருக்க வேண்டும். என் கியரில் அது பல்லின் உச்சி விளிம்பை ஒட்டி மெல்லிய கோடாகப் பதிந்திருந்தது. அதை என்னைப் பார்க்கச் சொல்லிவிட்டு அவர் வேறெதுவும் பேசவில்லை.

நடந்தது இதுதான். பினியனின் தலைக்கும் அதன் பேரிங்குக்கும் இடையே ஒரு ஷிம் இருக்கும். பினியன் ரிங்கின் மையத்துக்கு எவ்வளவு நெருக்கமாக நிற்கிறது என்பதை அதன் தடிமன்தான் தீர்மானிக்கிறது. முதல் பட்டறையில் பழைய பினியனிலிருந்த ஷிம்மையே புதியதற்கும் போட்டுவிட்டு, தடம் பார்க்காமல் மூடியிருக்கிறார்கள். பல நேரங்களில் அது சரியாகவே அமைந்துவிடும் என்பதால்தான் அந்தக் குறுக்குவழி உயிரோடு இருக்கிறது. எனக்கு அமையவில்லை. அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று பங்கு தடிமன் கூட்ட வேண்டியிருந்தது, அதாவது ஒரு தாளின் தடிமனைவிடக் குறைவு. அந்த மூன்று பங்குதான் ஊளை.

அவரிடம் நான் மிகவும் ரசித்த கருவி ஒரு பழைய பேரிங். அதன் உள்வட்டத்தைக் கொஞ்சம் தேய்த்துப் பெரிதாக்கி வைத்திருந்தார், பினியன் தண்டில் கையாலேயே ஏறி இறங்கும். உண்மையான பேரிங்கைப் பிரஸ்ஸில் அழுத்தி ஏற்றிவிட்டால் ஷிம் மாற்ற ஒவ்வொரு முறையும் அதைப் பிடுங்க வேண்டும். இந்தப் போலிப் பேரிங்கை வைத்துச் சரியான ஷிம்மைக் கண்டுபிடித்த பிறகுதான் உண்மையானதை ஏற்றினார். மூன்று முறை கழற்றி, மூன்று முறை தடம் பார்த்தார். பற்களுக்கிடையேயான இடைவெளியை டயல் கேஜில் ரிங்கின் நான்கு இடங்களில் அளந்தார். ஃபோர்டின் கணக்கில் அது அங்குலத்தில் ஆயிரத்தில் 8 முதல் 15 பங்குக்குள் இருக்க வேண்டும், எனக்கு 10இல் நின்றது. கடைசியாகக் கிரஷ் ஸ்லீவ். பினியன் நட்டை இறுக்க இறுக்க நசுங்கி, பேரிங்குகளுக்குத் தேவையான அழுத்தத்தைக் கொடுக்கும் சிறு எஃகு வளையம் அது. நசுங்கத் தொடங்கும்வரை ஆள் உயரக் கம்பியில் தொங்க வேண்டியிருக்கும். தொடங்கிய பிறகு நட்டை நூலளவு மட்டுமே திருப்பி, ஒவ்வொரு திருப்பலுக்கும் பினியன் எவ்வளவு இறுக்கமாகச் சுழல்கிறது என்று அங்குல-பவுண்டு அளவுகோலில் பார்க்க வேண்டும். அளவைத் தாண்டிவிட்டால் நட்டைத் தளர்த்திச் சரிசெய்ய முடியாது, வளையத்தைத் தூக்கியெறிந்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். அன்று அவர் தாண்டவில்லை.

ஆக்ஸில் திறந்திருந்தபோதே டிராக்ஷன்-லாக் எனப்படும் கிளட்ச் வகை டிஃபரென்ஷியலையும் பிரித்துப் பார்த்தோம். உராய்வுத் தகடுகள் தேய்ந்து வழுவழுப்பாகியிருந்தன. அவற்றையும் மாற்றினோம். இந்த வகைக்கு எண்ணெயோடு உராய்வைக் குறைக்கும் கலவை ஒரு சிறு புட்டி சேர்க்க வேண்டும், மறந்தால் வண்டி நிறுத்துமிடத்தில் திரும்பும்போதெல்லாம் பின்புறம் கடகடவென்று அதிரும். இரண்டாம் முறைக் கூலி முதல் முறையைப் போல ஒன்றரை மடங்கு. இரண்டையும் சேர்த்தால் கியரின் விலையை மிஞ்சிவிட்டது. எனவே இந்தப் பொருளுக்கு விலை மதிப்பிடுகிறவர்கள் பெட்டியின் விலையைப் பார்க்காமல் பெட்டியும் கையும் சேர்ந்த விலையைப் பார்க்க வேண்டும்.

பலன் என்ன என்பதற்கு என் உணர்வைவிட நேரச் சீட்டு நம்பகமானது. ஓஹையோ மாநிலத்தின் நார்வாக்கிலுள்ள சம்மிட் மோட்டார்ஸ்போர்ட்ஸ் பார்க், பந்தயத்துக்கும் ஒரு டாலருக்கு ஒரு பவுண்டு ஐஸ்கிரீமுக்கும் பெயர்பெற்ற கால் மைல் ஓடுதளம். பயிற்சி நாளில் கட்டணம் கட்டி, வண்டியைப் பரிசோதனைக்குக் காட்டிவிட்டு யாரும் ஓட்டலாம். 2.73இல் என் சிறந்த ஓட்டம் 14.68 வினாடி, முடிவுக் கோட்டில் மணிக்கு 95 மைல், முதல் 60 அடிக்கு 2.24 வினாடி. அந்த ஓட்டத்தில் நான் மூன்றாம் கியரிலேயே கோட்டைக் கடந்தேன், இன்ஜின் அப்போது 4,400 சுற்றில்தான் இருந்தது. முதல் கியர் 46 மைல்வரை இழுத்துக்கொண்டே போகும், அதாவது வண்டி மிகவும் எடுப்பாகப் பாய வேண்டிய முதல் விநாடிகளில் இன்ஜின் சோம்பிக் கிடந்தது.

3.73இல் முதல் கியர் 34 மைலுக்குள் முடிந்துவிடுகிறது. ஆனால் அன்றாட டயரோடு போன முதல் ஓட்டத்தில் பின்சக்கரங்கள் வெறுமனே சுழன்றன. 60 அடி நேரம் 2.31 ஆகி முன்னைவிட மோசமானது, மொத்த நேரம் 14.52. புதிய விகிதத்தின் பெரும்பகுதியை ரப்பர் புகையாக எரித்துவிட்டேன் என்று பொருள். பிற்பகலில் டிராக் ரேடியல் என்னும் பிடிமானம் கூடிய டயர்களை மாட்டி, காற்றைக் குறைத்து, நீர்க்குழியில் சுழற்றிச் சூடாக்கிவிட்டு நின்றேன். தொடக்கக் கோட்டிலுள்ள கம்பத்தின் மஞ்சள் விளக்குகள் அரை விநாடி இடைவெளியில் ஒவ்வொன்றாக இறங்கும்போது, மூன்றாவது மஞ்சள் எரிந்த கணத்தில் கிளட்ச்சை விட வேண்டும், பச்சைக்குக் காத்திருந்தால் தாமதம். 60 அடி 1.98. மூன்றாம் கியர் 87 மைலில் தீர்ந்துபோய் நான்காம் கியருக்கு ஒரு கூடுதல் மாற்றம் செய்ய வேண்டியிருந்தும், சீட்டில் 13.98 என்று வந்தது. அமெரிக்க டிராக் பந்தய அமைப்பான என்எச்ஆர்ஏவின் விதிப்படி 13.99 அல்லது அதைவிட விரைவாக ஓடும் வண்டிக்குத் தலைக்கவசம் கட்டாயம். நல்லவேளையாக நான் அணிந்திருந்தேன். நேர்மையாகச் சொன்னால், 14.68 ஆடி மாத வெக்கையில் ஓடியது, 13.98 அக்டோபரின் குளிர்ந்த, அடர்ந்த காற்றில் ஓடியது. அந்த 0.70 வினாடி வித்தியாசத்தில் ஒரு பங்கைக் காற்றுக்கும் ஒரு பெரும்பங்கை டயருக்கும் கொடுத்துவிட்டாலும், கியர் தன் கூலியைக் கேட்டு வாங்கும் அளவுக்கு மிச்சம் இருக்கிறது.

தெருவில் இந்தக் கியரோடு வாழ்வது வேறு கதை. நகருக்குள் கார் பத்து ஆண்டு இளமையாகிவிட்டது போல இருக்கிறது. முன்பு பயனற்றுக் கிடந்த ஐந்தாம் கியரை 45 மைலிலேயே போட முடிகிறது, இன்ஜின் முனகுவதில்லை. நெடுஞ்சாலையில் 70 மைலுக்கு இப்போது 2,330 சுற்று. டொலீடோவரை போய்வர ஒன்றும் தெரியாது, சிகாகோவரை போனால் காதுக்குத் தெரியும். என் கணக்கில் நெடுஞ்சாலை மைலேஜ் கேலனுக்கு இரண்டு மைல் குறைந்தது. ஸ்பீடோமீட்டரைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. அது கியர்பெட்டியின் வெளித்தண்டிலிருந்து ஓடுவதால் பின் ஆக்ஸில் மாறியது அதற்குத் தெரியாது. உண்மையில் 70இல் போகும்போது 96 காட்டியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மனைவி முள்ளைப் பார்த்துவிட்டு ஒரு மைல் தூரத்துக்குப் பேசவே இல்லை. கேபிளின் முனையிலுள்ள சிறு பிளாஸ்டிக் பற்சக்கரத்தைப் பொருத்தமான பல் எண்ணிக்கை உள்ளதாக மாற்றினால் சரியாகிவிடும், விலை சொற்பம். கியர் வாங்கும்போதே அதையும் வாங்கிவிடுங்கள்.

வேறு விகிதங்களைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: தினமும் நெடுந்தூரம் போகிறவருக்கு 3.55 போதும். 4.10 பந்தயத்துக்கே வைத்த காருக்கு உரியது, இந்த இன்ஜின் 5,500 சுற்றுக்கு மேல் மூச்சு வாங்குவதால் மாற்றாத இன்ஜினோடு அதைப் போட்டுக் கியர் மாற்றிக்கொண்டே இருப்பதில் பொருளில்லை. இன்னொரு எச்சரிக்கை. கியரும் பிடிமானமுள்ள டயரும் சேர்ந்துவிட்டால் அடுத்த பலவீனம் டி-5 பெட்டிதான். 1989ஆம் ஆண்டின் பெட்டி 265 அடி-பவுண்டுக்கே மதிப்பிடப்பட்டது, இன்ஜினோ 300 தருகிறது. முரட்டுத்தனமாகக் கியர் போட்டால் மூன்றாம் கியர் பற்கள்தான் முதலில் போகும். நான் கிளட்ச்சை முழுதாக மிதித்தே மாற்றுகிறேன், அதில் விநாடியில் பத்தில் ஒன்றிரண்டு பங்கு போவது தெரிந்தேதான்.

புதிய கியரை முதல் 500 மைல் பொறுமையாக ஓட்ட வேண்டும். முதல் நாளில் இருபது நிமிடம் ஓட்டிவிட்டு முழுதாக ஆறவிட வேண்டும், பிறகு எண்ணெய் மாற்ற வேண்டும். 8.8இல் வடிகால் திருகு கிடையாது, பின்மூடியையே கழற்ற வேண்டும். நான் கழற்றியபோது உள்ளேயிருந்த காந்தத்தில் சாம்பல் நிறக் குழைவு விரல் நுனி அளவுக்கு ஒட்டியிருந்தது, தேய்த்துப் பார்த்தால் விபூதி போல மென்மை, துணுக்கு எதுவும் இல்லை. ஊளை போய்விட்டது. ஆனால் முதல் இருநூறு மைலில் பற்களின் உச்சியில் விழுந்த தேய்மானம் முழுதாக மறையவில்லை, 45 மைலில் காலை எடுத்து உருளவிட்டால் மெல்லிய ரீங்காரம் ஒன்று இன்னும் கேட்கிறது. ஜன்னலை இறக்கினால் அதுவும் காற்றில் கரைந்துவிடுகிறது.